டென்ட் முதல் தூண்டில் வரை: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முகாம் போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என்னிடம் இரண்டு கூடாரம், கொஞ்சம் பாத்திரம், தார்ப்பாய், டார்ச் எல்லாம் இருப்பது தெரிந்து, சனிக்கிழமை வந்தால் யாராவது இரவல் கேட்டு வருவார்கள். சாமானோடு சந்தேகங்களும் வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இமயமலைக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் என்று நம் எல்லைக்குள் ஓரிரு இரவு தங்குகிறவர்களுக்கானது.

அண்ணா, புதுசா ஆரம்பிக்கிறோம். முதல்ல டென்ட்தானே வாங்கணும்?

இல்லை. டென்ட்டை இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், மழை இல்லாத மாதத்தில் இல்லாமலேகூடச் சமாளிக்கலாம். முதலில் சொந்தமாக வாங்க வேண்டியவை மூன்று: தலையில் மாட்டும் டார்ச், அடியில் விரிக்க நல்ல ஃபோம் பாய், தண்ணீர் கொண்டுபோக உறுதியான கேன். இவை சரியில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த கூடாரத்துக்குள் படுத்தாலும் விடிய விடிய விழித்திருக்க வேண்டியதுதான்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு சொந்தக்காரர் தோட்டத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் டென்ட்டைப் பற்றி யோசிக்கலாம். நேராகப் பெரிய டென்ட் வாங்கிப் பரணில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் நிறைய.

வேட்டைக்கு என்னென்ன சாமான் வாங்கலாம்? முயல், காட்டுப்பன்னி மட்டும்தான், பெரிய மிருகம் இல்ல.

ஒன்றும் வாங்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. முயல் சிறியது, பன்றி பயிரைத் தின்கிறது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கண்ணி வைப்பதும், அதற்கு முயற்சி செய்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியலில் உள்ள விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

சரணாலயம் எங்கோ தூரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். காவிரி தெற்கு சரணாலயம் 2022இல் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் பெரும்பங்கு இவற்றில் ஒன்றுக்குள் அடங்கும். 'தாத்தா காலத்துல எல்லாரும் போவாங்க' என்பார்கள். தாத்தா காலத்தில் போனார்கள், சரி. இப்போது உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஊர் ஊராகத் தண்டோரா போடும் காலம்.

ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணாம்னு கடையிலேயே சொல்றாங்களே? கவுதாரி, காடை சுடலாமில்ல?

கடைக்காரர் சொல்வதில் முதல் பாதி சரி. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குக் குறைவான சக்தி கொண்ட ஏர்கன்னை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். தகர டப்பாவையும் காகித இலக்கையும் சுட்டுப் பழகலாம். பறவையைச் சுட்டால் மேலே சொன்ன அதே சட்டம். உண்டிவில்லுக்கும் அதே கதைதான். காடை சாப்பிட ஆசையாக இருந்தால் பண்ணைக் காடை கடையில் கிடைக்கிறது, மசாலா தடவி எடுத்துப் போங்கள்.

ஏர்கன்னை முகாமுக்கே கொண்டுபோகாதீர்கள் என்பது என் கருத்து. காட்டோரத்தில் ராத்திரி நேரம் வண்டியில் ஏர்கன்னும் தலை டார்ச்சும் சேர்ந்து இருந்தால், நீங்கள் தகர டப்பாவைச் சுடத்தான் வந்தீர்கள் என்று ரோந்து வருகிறவர்களை நம்பவைக்கப் பொழுது விடிந்துவிடும்.

அப்ப எங்கதான் டென்ட் போடறது? ஒகேனக்கல் ஆத்தோரம் மணல் நல்லா இருக்கே?

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம், தங்குவது இன்னும் பெரிய குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. 2024இல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குத்திராயன் மலைப் பாதை இருக்கிறது. முறையாகப் பதிவு செய்து, வழிகாட்டியோடு பகலில் ஏறி இறங்கலாம். கூடாரம் போட முடியாது.

ஆற்று மணல் வேண்டவே வேண்டாம். கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து திறந்துவிடும் நீர் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக ஒகேனக்கலுக்கு வருகிறது. இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஆறு ஏறும். பரிசலையும் குளியலையும் அடிக்கடி நிறுத்திவைப்பது அதனால்தான். போதாக்குறைக்கு ஆற்றில் முதலை உண்டு.

மிச்சம் இருப்பது பட்டா நிலம். நிலத்துக்காரர் வாய்ச் சொல்லாவது கொடுத்திருக்க வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் தகவல் தெரிந்திருக்க வேண்டும். மாம்பழக் காலத்தில், அதாவது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளைக் குத்தகைக்காரர்கள் எடுத்திருப்பார்கள். அப்போது நிலத்துக்காரர் சரி என்றால் போதாது, குத்தகைக்காரரிடமும் கேளுங்கள். காவலுக்கு இருக்கும் நாய் பட்டா எல்லாம் பார்க்காது.

டென்ட் வாங்கறதா முடிவு பண்ணிட்டோம். எதப் பாத்து வாங்கணும்?

இரண்டு அடுக்கு உள்ளதா என்று பாருங்கள். உள்ளே கொசுவலைத் துணி, மேலே தனியாக மழைத் துணி. ஒற்றை அடுக்கு டென்ட்டில் நாம் விடும் மூச்சே குளிர்ந்து உட்புறம் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். தளியிலும் பெட்டமுகிலாளத்திலும் மார்கழிப் பனியில் படுத்தவர்களுக்கு இது தெரியும். அடுத்தது நீர் தாங்கும் அளவு. மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். மேல் துணிக்கு 2000, தரைக்கு 3000 இருந்தால் நம் ஐப்பசி மழைக்குப் போதும். '2 பேர்' என்று போட்டிருந்தால் இரண்டு பேர் ஒட்டிப் படுக்கலாம், பை வெளியேதான். இரண்டு பேருக்கு 3 பேர் டென்ட் வாங்குவதே சரி.

கூடவே வரும் முளைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். விரல் தடிமன்கூட இல்லாத அலுமினியக் குச்சி. நம் செம்மண்ணும் கல்லும் கலந்த தரையில் இரண்டாவது அடியிலேயே வளைந்து நிற்கும். கட்டட வேலைக்கு வாங்கும் 8 எம்எம் கம்பியில் ஒரு அடி நீளம் நறுக்கி, ஒரு முனையைக் கொக்கி போல வளைத்து மறுமுனையைக் கூராக்கித் தரும்படி கொல்லுப்பட்டறையில் கேளுங்கள். பத்து முளை செய்து வைத்தால் கூடாரம் கிழிந்து போனாலும் முளை நிற்கும். கனம்தான், ஆனால் பைக்கில் போகிறவருக்கு அது ஒரு கனமா? பாறை மேல் போடுவதாக இருந்தால் முளை எதுவும் இறங்காது. கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்ட வேண்டும். அதற்குத் தனியாக நைலான் கயிறு எடுத்துப் போங்கள்.

தார்ப்பாய் போதாதா? எங்க வீட்டுல மஞ்சள் காயப்போடற சில்பாலின் கெடக்குது.

தாராளமாகப் போதும். மாசி, பங்குனியில் நான் அதைத்தான் எடுப்பேன். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, தார்ப்பாயை மேலே போட்டு, நாலு மூலையையும் தாழ இழுத்துக் கட்டினால் காற்றோட்டமாகப் படுக்கலாம். தடிமன் ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்ற கணக்கில் இருக்கும். 90 ஜிஎஸ்எம் சுமக்க இலேசு, தலைக்கு மேல் கட்டலாம். 200 ஜிஎஸ்எம் தரைக்கு நல்லது. விளிம்பில் பித்தளை வளையம் பிய்ந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு சிறு கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போடுங்கள். வளையத்தை விட அது உறுதி.

தார்ப்பாயின் குறை ஒன்றுதான், பக்கவாட்டில் திறந்து கிடக்கும். பூச்சி, தேள், பாம்பு எதையும் தடுக்காது. அதனால் கூடவே தொங்கவிடும் கொசுவலை ஒன்று வேண்டும், அதன் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும். ஏன் என்பதைப் பாம்புக் கேள்வியில் சொல்கிறேன்.

நம்ம ஊரு வெயிலுக்கு ஸ்லீப்பிங் பேக்கெல்லாம் எதுக்கு?

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சமவெளியில் சித்திரையில் எதற்கும் தேவையில்லை, ஒரு பருத்திப் போர்வை போதும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் மார்கழி, தையில் கதை வேறு. விடியற்காலையில் 12, 13 டிகிரி சாதாரணம். வீட்டுச் சுவருக்குள் தெரியாத குளிர் வெட்டவெளியில் எலும்பு வரை ஏறும்.

உறையில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். 'கம்ஃபர்ட்' என்பதை மட்டும் பாருங்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் போகாமல் இருக்கும் அளவு, தூங்கும் அளவு அல்ல. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் அதைத்தான். நம் மாவட்டங்களுக்கு கம்ஃபர்ட் 10 டிகிரி உள்ள பை தாராளம். சுற்றிலும் ஜிப் திறந்து போர்வை மாதிரி விரிக்கும் வகையாகப் பாருங்கள், வெயில் மாதத்திலும் பயன்படும்.

அடியில என்ன விரிக்கணும்? காத்து அடிக்கிற மெத்தை நல்லா இருக்குமா?

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதே அதிகம். உடம்பின் கனத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிப் போவதால் அங்கே சூடு தங்காது. அதனால்தான் முதல் கேள்வியிலேயே ஃபோம் பாயைச் சேர்த்தேன். 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் வாங்குங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் உடனே மேலெழும்ப வேண்டும். யோகா பாய் இருந்தால் அதையே ஆரம்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காற்று மெத்தை சொகுசுதான். ஆனால் சீமைக்கருவேலமும் நெருஞ்சியும் இருக்கும் மண்ணில் அதற்கு ஆயுசு குறைவு. அதை எடுத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் 200 ஜிஎஸ்எம் தார்ப்பாயை மடித்துப் போடுங்கள், ஒட்டுப்போடும் சாமானையும் எடுத்துப் போங்கள்.

ஹெட்லைட் எத்தன லூமென் வாங்கணும்? 2000 லூமென்னு போட்டு கம்மி விலைல வருதே?

அந்த 2000 என்பது அட்டையில் மட்டும்தான். சமைக்க, நடக்க, டென்ட்டுக்குள் தேட 200 முதல் 300 லூமென் நிஜமாக இருந்தால் போதும். அதைவிட முக்கியமானவை: மிகக் குறைந்த ஒளியில் எரியும் வசதி, சிவப்பு விளக்கு, மழைச் சாரல் தாங்கும் ஐபிஎக்ஸ் 4 தரம். சிவப்பில் எரிந்தால் பூச்சி குறைவாக மொய்க்கும், எதிரில் இருப்பவர் கண்ணும் கூசாது. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா செல் போடும் வகையை நான் விரும்புவேன். சார்ஜ் போடும் வகை என்றால் பவர் பேங்க் கூடவே வர வேண்டும்.

காட்டு விளிம்பில் தங்கும்போது மலைச்சரிவை நோக்கி டார்ச் அடித்து விளையாட வேண்டாம். முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் அடிப்பார்கள், ஊர்க்காரர்களும் வனக்காவலர்களும் அதைப் பார்த்தால் தேடி வருவார்கள்.

ஃபில்டர் பாட்டில் இருந்தா எந்தத் தண்ணியும் குடிக்கலாமா?

குடிக்கக்கூடாது. நம் இரண்டு மாவட்டத்திலும் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. முகாமுக்கு விற்கும் ஃபில்டர்களில் பெரும்பாலானவை நுண்துளைக் குழாய் வகை, 0.1 மைக்ரான் துளை. பாக்டீரியா, அமீபா போன்றவற்றைத் தடுக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் எதையும் தடுக்காது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் கரைந்திருப்பது ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை வருடக்கணக்கில் குடித்ததால்தான் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பழைய ஆட்களின் பல்லில் பழுப்புக் கறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததற்கே முக்கியக் காரணம் இந்தப் பிரச்சினைதான்.

கொதிக்கவைத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமிதான் சாகும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சும் நீரில் ஃப்ளோரைடின் அடர்த்தி கூடவே செய்யும். ஓரிரு நாள் குடிப்பதால் எலும்பு வளைந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் அதையே வாராவாரம் பழக்கமாக்க வேண்டாம். வீட்டுக் காவிரித் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் கேனில் எடுத்துப் போங்கள். குளிக்க, கழுவ அங்கிருக்கும் நீர்.

தென்பெண்ணைக்கு இதே விதி இன்னும் கடுமை. கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கி ஓடுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் அது. எந்தப் பாட்டிலும் அதைக் குடிநீராக்காது. மலை ஊற்று, கிணறு என்று இரசாயனத்துக்கு வாய்ப்பில்லாத நீரானால், வடிகட்டி ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவையுங்கள். அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

சமையலுக்கு கேஸ் அடுப்பா, மூணு கல்லு வெச்சு விறகா?

பட்டா நிலத்தில், மழைக்குப் பிந்தைய மாதங்களில், நிலத்துக்காரர் சம்மதித்தால் விறகு. ருசியும் அதில்தான். தை கழிந்து புல் காய்ந்துவிட்டால் கேஸ் மட்டுமே. ஒரு பொறி பறந்தால் தோப்பும் போகும், பக்கத்துக் காடும் போகும். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்றான பிறகே படுக்கப் போங்கள்.

220 கிராம் பியூட்டேன் கேன் பொருத்தும் சிறிய அடுப்பு, சுற்றிலும் காற்றுத் தடுக்க ஒரு தகரத் தட்டி, மூடியுள்ள அலுமினியப் பாத்திரம் ஒன்று. இரண்டு பேருக்கு இது போதும். கேனை ரயிலில் கொண்டுபோகத் தடை. மழை பெய்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பை மூட்டாதீர்கள். தீயை விட மோசம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு. கரி அடுப்பை உள்ளே வைத்துக் குளிர்காய்வதும் அதே ஆபத்துதான்.

பெரிய கத்தி ஒண்ணு வேணும்ல? படத்துல வர்ற மாதிரி.

வேண்டாம். காய் நறுக்க, கயிறு வெட்ட, மூங்கில் சீவ நாலு அங்குல அலகுள்ள கத்தி போதும். விறகு உடைக்க வீட்டுக் கொடுவாள் இருக்கவே இருக்கிறது. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் உரிமம் கேட்கும் பொருள். விவசாயம், வீடு, தொழிலுக்கான கருவிக்கு விலக்கு உண்டு. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பைக்கில் கொடுவாளோடு போகிறவர் 'விவசாயத்துக்கு' என்று சொன்னால் சோதனைச்சாவடியில் சிரிப்பார்கள். சாக்கில் சுற்றி, சாமானோடு சாமானாகக் கட்டி, பகலிலேயே போய்ச் சேருங்கள்.

டென்ட்டைச் சுத்தி உப்பு, பூண்டு, பினாயில் போட்டா பாம்பு வராதாமே?

வரும். இதில் எதுவும் பாம்பைத் தடுக்காது. கயிற்றைச் சுற்றிப் போடுவதும் அப்படித்தான். தடுப்பது ஜிப்பும் வெளிச்சமும். மூச்சு முட்டுகிறது என்று ஜிப்பைத் திறந்து வைத்துத் தூங்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்தது பல சமயம் வலிக்கவே வலிக்காது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகச் சொன்னது இதற்காகத்தான். ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுவது, விறகுக் குவியலைப் படுக்கையிலிருந்து தள்ளி வைப்பது, இருட்டில் ஒதுங்கப் போகும்போதும் டார்ச் எடுப்பது. இவ்வளவுதான் தற்காப்பு.

விஷத்தை உறிஞ்சும் பம்பு என்று விற்கும் பெட்டியை வாங்காதீர்கள். கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கையோ காலோ அசையாமல், குச்சி வைத்துத் தளர்வாகத் துணி சுற்றி, மோதிரம், கொலுசைக் கழற்றி, 108ஐ அழையுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புறப்படும் முன்பே முகாமிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று பார்த்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடமானால் நான் அங்கே தங்கமாட்டேன்.

யானை வந்தா என்ன பண்றது? பட்டாசு வெச்சுக்கலாமா?

பட்டாசு வேண்டாம். மிரண்ட யானை எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பக்கத்தில் ஒரு குடிசை இருக்கலாம். யானை வராத இடமாகப் பார்த்துத் தங்குவதுதான் வழி. ஐப்பசி தொடங்கி, ராகி முற்றும் நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகத் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காடுகளுக்கு இறங்கும். அந்த மாதங்களில் ராகிக் காட்டுக்கு அருகே முகாம் போடாதீர்கள். கூட்டம் எங்கே நிற்கிறது என்று ஊர்க்காரர்களுக்கும் வனக்காவலர்களுக்கும் அன்றைக்கு அன்று தெரியும், கேட்டால் சொல்வார்கள்.

வாழைப்பழம், பலா, வெல்லம், ராகி மாவு, உப்பு எதையும் டென்ட்டுக்குள் வைக்க வேண்டாம். இரும்புப் பெட்டியில் போட்டு வண்டியில் வையுங்கள். பாறைக் குன்றுகளில் கரடியும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் தனியாகப் புதர்ப்பக்கம் போகாமல், பேச்சுக் குரலோடு இரண்டு பேராகப் போங்கள்.

நைட்டு வயல் வழியா சும்மா ஒரு வாக் போலாமா? பட்டா நெலந்தானே?

உங்கள் பட்டா வரைக்கும் போங்கள். பக்கத்து வயலில் கால் வைக்காதீர்கள். பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி எங்கே இருக்கிறது என்று தெரியாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. யானைக்கே அந்தக் கதி என்றால் மனிதனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவுட்டுக்காய் (பன்றியைக் கொல்ல வைக்கும் நாட்டு வெடி) பார்த்தாலும், சுருக்குக் கம்பி பார்த்தாலும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எங்க நெலத்துலயே பன்னி வந்து கடலைய நாசம் பண்ணுது. அதையாவது சுடலாமா?

நீங்கள் சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவதற்கு 2025 ஜனவரியில் அரசு வழி செய்தது, ஆனால் சுட வேண்டியவர்கள் வனத்துறையினர். பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இழப்பீடு கேட்கலாம். படம் எடுத்து, சிட்டா நகலோடு உடனே கொடுங்கள்.

வேட்டைதான் இல்ல, மீனாவது பிடிக்கலாமா? தூண்டில் எது நல்லது?

பிடிக்கலாம், இடம் பார்த்து. கிருஷ்ணகிரி அணை போன்ற நீர்நிலைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்காரரிடமோ சங்கத்திடமோ இருக்கும், அவர்களிடம் கேட்காமல் தூண்டில் போட்டால் திருட்டு. சரணாலயத்துக்குள் ஓடும் காவிரியில் போடாதீர்கள். வெடி, விஷம் வைத்துப் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுக்கிறது. தெரிந்தவர் கிணறு, பண்ணைக்குட்டை என்றால் தொல்லையே இல்லை.

ஏழு அடிக் கோல், 3000 அளவு ரீல், 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் நரம்பு. கட்லா, ரோகு வரை இது தாங்கும். இரைக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். ராகி மாவைக் கெட்டியாகக் களி போலக் கிளறி, ஆறியதும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்குப் பொடி சேர்த்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி முள்ளை மூடிவிடுங்கள். விராலுக்கு மண்புழுவோ ரப்பர் தவளையோ. கூம்பு முதுகுள்ள மஹசீர் எங்கே சிக்கினாலும் ஈரக்கையால் பிடித்து உடனே விட்டுவிடுங்கள். காவிரிப் படுகைக்கே உரிய அந்த மீனை மிக அருகிய இனமாக 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலிட்டது.

பவர் பேங்க் 10,000 இருந்தா ரெண்டு நாளைக்கு வருமா?

உறையில் 10,000 எம்ஏஹெச் என்று இருந்தால் போனுக்குள் போய்ச் சேருவது ஏறக்குறைய 6,000. இன்றைய போனுக்கு ஒரு முறை முழுதாக, அடுத்த முறை கொஞ்சம். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் பல இடத்தில் டவர் கிடைக்காது. டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும், ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

பழைய டென்ட் கம்மி விலைக்கு வருது, வாங்கலாமா?

விரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்பக்கத் தையலில் ஒட்டியிருக்கும் நாடா உரிந்து வந்தாலோ, துணி விரலில் பிசுபிசுவென ஒட்டினாலோ, பூசிய பூச்சு செத்துவிட்டது, மழை உள்ளேதான் பெய்யும். பூஞ்சை வாடையும் போகாது. ஜிப்பைப் பத்து தடவை இழுத்துப் பாருங்கள். கம்பிக்குள் ஓடும் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். உங்களுடையதற்கும் இதேதான். மழையில் நனைந்து வந்த டென்ட்டை நிழலில் காயவைக்காமல் மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் கரும்புள்ளி விழும்.

ஒருத்தர் காட்டுக்குள்ளயே டென்ட் போட்டு தங்கவைக்கறேங்கறார், பர்மிஷன் இருக்குன்னு சொல்றார். நம்பலாமா?

காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி என்றால் எழுத்தில் இருக்கும். எந்த வனக்கோட்டம், எந்த இடம், எந்தத் தேதி, யார் யார் என்று அதில் இருக்க வேண்டும். உங்கள் பெயர் அதில் இல்லை என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. 'ரேஞ்சர் நம்ம ஆளு' என்பது அனுமதி அல்ல. வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டுக் கேட்பதில் தப்பில்லை.

பிடிபட்டால் அபராதம் மட்டும் இல்லை. பைக், டென்ட், அடுப்பு, கத்தி எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு, கூட்டிப்போனவர் அன்றைக்கு ஊரில் இருக்கமாட்டார். இரவல் வாங்கிய டென்ட்டாக இருந்தால், எடுத்துக்கொண்டு போகும் முன் எங்கே போகிறீர்கள் என்று என்னிடம் சொல்லிவிடுங்கள்.